பெயரை மாற்றியவர் யார்? - இத்தாலியக் குடியேறிகளும் கப்பற் பட்டியல்களும்



சென்ற வாரம் இத்தாலிய எழுத்தாளர் எட்மொண்டோ டி அமிச்சிஸ் பற்றிப் பேசினோம். 1884ஆம் ஆண்டு ஜெனோவாத் துறைமுகத்தில் கப்பலேறித் தென் அமெரிக்காவுக்குச் சென்ற அவர், தம்முடன் பயணஞ் செய்த ஏழைக் குடியேறிகளைக் கூர்ந்து கவனித்து 1889இல் ஒரு நூலாக வெளியிட்டார் என்று கூறியிருந்தோம். அந்நூலின் தொடக்கத்திலே ஒரு காட்சி வருகிறது. கப்பலேறும் ஏழைகள் ஒரு சிறு மேசையைக் கடந்து செல்கிறார்கள். அங்கே அமர்ந்திருக்கும் உத்தியோகத்தர் அவர்களை ஆறு ஆறு பேராகப் பிரித்து, அவர்களுடைய பெயர்களை அச்சிட்ட தாளொன்றில் எழுதி, குழுவில் மூத்தவரிடம் கொடுக்கிறார். கப்பலின் சமையற்கட்டில் சாப்பாடு வாங்குவதற்கான தாள் அது.

பயணம் முடிந்ததும் அந்தத் தாளின் வேலையும் முடிந்துவிடுகிறது. ஆனால், அக்காலத்துக் குடியேறிகளின் பெயர்களைத் தாங்கிய வேறொரு தாள் நூறு வருடங்களுக்கு மேலாகியும் அழியாமல் இருக்கிறது. அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வந்த ஒவ்வொரு கப்பலும் கையளித்த பிரயாணிகள் பட்டியலே அது. இலக்கியத் தொடரொன்றில் இதைப் பற்றி என்ன பேச்சு என்று நீங்கள் கேட்கலாம். இந்தப் பட்டியலைப் பற்றி ஒரு நாவல் உண்மையைச் சொன்னது. அதே நாவலைத் தழுவிய திரைப்படம் பொய்யைச் சொன்னது. இலட்சக்கணக்கான குடும்பங்கள் பொய்யையே நம்பின. அதனால் தங்கள் பாட்டனையும் பாட்டியையும் தேட முற்பட்டவர்கள் பிழையான இடத்திலே தேடினார்கள். இன்றைய உரை அதைப் பற்றியதே.

1880ஆம் ஆண்டிற்கும் 1920ஆம் ஆண்டிற்கும் இடையில் நாற்பது இலட்சத்திற்கும் மேற்பட்ட இத்தாலியர் ஐக்கிய அமெரிக்காவை அடைந்தனர். பெரும்பான்மையோர் தெற்கு இத்தாலியையும் சிசிலித் தீவையும் சேர்ந்தவர்கள். நிலமற்ற கூலிகள், குத்தகை விவசாயிகள், கல்லுடைப்போர், சவரத் தொழிலாளர். நேப்பிள்ஸ், பலேர்மோ, ஜெனோவா ஆகிய துறைமுகங்களில் அவர்கள் கப்பலேறினர். கப்பலின் அடித்தட்டில் இரண்டு வாரமளவில் கிடந்து நியூயோர்க் துறைமுகத்தை அடைந்தனர். 1892 ஜனவரி முதலாந் திகதி தொடக்கம் அவர்களை வரவேற்றது எலிஸ் தீவு. 1954இல் மூடப்படும்வரை ஏறக்குறைய ஒரு கோடியே இருபது இலட்சம் பேர் அத்தீவின் வழியாக உள்ளே சென்றனர். 1907 ஏப்ரல் 17ஆந் திகதி ஒரே நாளில் மட்டும் 11,747 பேர் பரிசீலிக்கப்பட்டனர்.

இனி அந்தக் கதைக்கு வருவோம். மரியோ பூசோ எழுதிய 'த கோட்பாதர்' நாவல் 1969இல் வெளிவந்தது. கோர்லியோனே என்ற சிசிலிக் கிராமத்திலிருந்து அமெரிக்கா சேரும் வீட்டோ ஆன்டோலினி என்ற சிறுவன், பிறந்த ஊருடன் ஏதேனும் ஒரு தொடர்பு இருக்கட்டும் என்று தானே தன் பெயரை வீட்டோ கோர்லியோனே என மாற்றிக்கொள்கிறான். நாவல் சொல்வது இதுதான். 1974இல் வெளிவந்த அதன் இரண்டாம் பாகத் திரைப்படத்தில் இந்த இடம் மாறிவிட்டது. எலிஸ் தீவில் வாய்திறவாமல் நிற்கும் சிறுவனின் உடையில் குத்தியிருக்கும் சீட்டைப் பார்த்த உத்தியோகத்தர், ஊர்ப் பெயரையே குடும்பப் பெயராக எழுதிவிடுகிறார். ஒரு பேனா அசைவில் ஒரு பரம்பரையின் பெயர் போய்விடுகிறது.

மனதை உருக்கும் காட்சி அது. 'எங்கள் பெயரை எலிஸ் தீவில் மாற்றிவிட்டார்கள்' என்று சொல்லாத இத்தாலிய அமெரிக்கக் குடும்பங்கள் குறைவு. ஆயினும், எலிஸ் தீவிலே பெயர் எழுதும் வேலை நடைபெறவில்லை. அங்கு நடைபெற்றது, ஏற்கெனவே எழுதப்பட்ட பெயரைச் சரிபார்க்கும் வேலை மாத்திரமே.

பட்டியல் தயாரான விதத்தைப் பார்த்தால் இது விளங்கும். 1893ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டப்படி, கப்பல் புறப்படும் துறைமுகத்திலேயே பட்டியல் எழுதப்பட வேண்டும். ஒரு தாளில் முப்பது பெயருக்கு மேல் இருத்தலாகாது. பட்டியல் உண்மையானது என்று கப்பல் தலைவரும், நோயாளிகள் எவருமிலர் என்று கப்பல் வைத்தியரும் அமெரிக்கத் தூதுவர் அலுவலகத்தில் சத்தியஞ் செய்ய வேண்டும். ஆகவே, நேப்பிள்ஸில் ஏறியவரின் பெயர், இத்தாலியப் பெயர்களைக் கேட்டுப் பழகிய கப்பற் கம்பனி எழுதுவினைஞரின் கையாலேயே எழுதப்பட்டது. தாளின் இலக்கமும் வரியின் இலக்கமும் ஒரு சீட்டில் எழுதப்பட்டு அவரது சட்டையில் குத்தப்பட்டன. எலிஸ் தீவின் பெரிய மண்டபத்தில் உத்தியோகத்தர் அந்தத் தாளை முன்னால் விரித்து வைத்து, அதே கேள்விகளைத் திரும்பக் கேட்டார். பக்கத்திலே மொழிபெயர்ப்பாளர் இருந்தார். பிற்காலத்தில் நியூயோர்க் நகர மேயராகப் புகழ்பெற்ற பியோரெல்லோ லாகார்டியா, 1907 முதல் 1910 வரை அத்தீவில் மொழிபெயர்ப்பாளராகக் கடமையாற்றியவரே. அவருடைய தந்தையார் இத்தாலியர். இப்படிப்பட்டவர்கள் இருந்த இடத்தில் இத்தாலியப் பெயர் விளங்காமல் போயிற்று என்பது பொருந்தாத கூற்று.

அப்படியானால் பெயரை மாற்றியவர் யார்? பெரும்பாலும் வந்தவரே. அல்லது அவருடைய பிள்ளைகள். வேலைத்தலத்து மேற்பார்வையாளர் ஒருவகையாக அழைத்தார். பாடசாலை ஆசிரியை வேறுவகையாக எழுதினார். காலப்போக்கில் அதுவே நிலைத்துவிட்டது. 1913 டிசம்பரில் 'கிளீவ்லாண்ட்' என்ற கப்பலில் நியூயோர்க் வந்த பதினெட்டு வயது வாலிபரின் பெயர் ரொடொல்போ குல்யெல்மி. பின்னாளில் மௌனப்படங்களில் நடித்து உலகத்தையே கவர்ந்தபோது அவர் ருடோல்ப் வலன்டீனோ. மாற்றியது திரையுலகமும் அவருமே தவிர, குடிவரவு அதிகாரியல்லர். வேறொரு உதாரணமும் உண்டு. தொழிலாளர் வரலாற்றில் மறக்கவியலாத சாக்கோ, வன்சேற்றி ஆகிய இருவரும் 1908இல் அமெரிக்கா சேர்ந்து, 1927 ஓகஸ்ட் 23இல் மரணதண்டனைக்கு உள்ளாக்கப்பட்டவர்கள். நிக்கோலா சாக்கோ என்று நாம் அறிந்தவரின் பிறப்புப் பெயர் பெர்டினான்டோ. நிக்கோலா என்பது இறந்துபோன தமையனின் பெயர். அந்த அன்பை அறியாதவர், பட்டியலில் நிக்கோலாவைத் தேடிக்கொண்டேயிருப்பார்.

இதிலிருந்து நாம் பெறும் முதற்பாடம் யாதெனில், கல்லறையில் உள்ள பெயரைக் கொண்டு கப்பலில் தேடலாகாது என்பதே. ஊரிலே ஞானஸ்நானத்தின்போது இட்ட பெயரைக் கொண்டே தேட வேண்டும். ஜோ என்பவர் ஜூசெப்பே. சாம் என்பவர் சல்வத்தோரே. சிசிலிக் குடும்பங்களில் சார்ளி என்று அழைக்கப்பட்டவர் பல வேளைகளில் கலோஜெரோவாக இருப்பார். ஜேம்ஸ் என்றவர் வின்சென்சோவாக இருக்கவும் கூடும்.

இரண்டாவது பாடம் பெண்களைப் பற்றியது. இத்தாலிய வழக்கப்படி, பெண் விவாகஞ் செய்த பின்னரும் பதிவுகளிலே தன் தந்தையின் குடும்பப் பெயரையே வைத்திருப்பாள். எனவே இத்தாலியத் துறைமுகங்களில் எழுதப்பட்ட பட்டியல்களில் தாய் ஒரு பெயரிலும், அவளுடைய கையைப் பிடித்துவந்த பிள்ளைகள் தந்தையின் பெயரிலும் காணப்படுவர். கணவன் பெயரை வைத்துப் பாட்டியைத் தேடிக் களைத்துப்போன பேரப்பிள்ளைகள் எத்தனையோ பேர். அமெரிக்காவில் அவள் வாழ்ந்த நாற்பது, ஐம்பது வருடங்களும் இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்றே எழுதப்பட்டாள். அவளுடைய சொந்தப் பெயர் கடைசியாக முழுமையாக எழுதப்பட்ட இடம் பல வேளைகளில் அந்தக் கப்பற் பட்டியலே.

தேடுபவர் முதலில் கப்பலுக்குப் போகலாகாது; வீட்டிலிருந்து தொடங்க வேண்டும். பழைய கடிதங்கள், புகைப்படங்களின் பின்புறம், தேவாலயப் பதிவுகள் எல்லாம் உதவும். அடுத்தது அமெரிக்கக் குடிசன மதிப்பு. 1900, 1910, 1920, 1930 ஆகிய ஆண்டுகளின் கணக்கெடுப்புகளில், வெளிநாட்டிலே பிறந்தவர் எந்த வருடம் வந்தார் என்ற கேள்வி இருக்கிறது. மறுமொழி ஒன்றிரண்டு வருடம் பிசகலாம். எனினும் தேடும் பரப்பைச் சுருக்கும். இன்னும் பெறுமதியானவை பிரஜாவுரிமைப் பத்திரங்கள். 1906ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னர் விண்ணப்பதாரர் கப்பலின் பெயரையும் வந்த திகதியையும் கூற வேண்டியிருந்தது. அவ்வாண்டு ஜூன் மாத இறுதிக்குப் பின் வந்தவர்களின் கூற்றை அதிகாரிகள் மூலப் பட்டியலுடன் ஒப்பிட்டுச் சான்றிதழும் வழங்கினர். தொழில் எழுதப்பட்ட கூட்டிற்குள் பிற்காலத்தில் யாரோ இலக்கங்களைக் கிறுக்கியிருப்பதைப் பட்டியல்களிலே காணலாம். அவர் பிரஜையாவதற்கு விண்ணப்பித்தார், அதிகாரி இந்தத் தாளை எடுத்துப் பார்த்தார் என்பதற்கான தடயம் அது.

முன்னொரு காலத்தில் இந்தத் தேடல் நுண்படச் சுருள்களோடு மல்லுக்கட்டுவதாக இருந்தது. 1940களில் நியூயோர்க் பட்டியல்கள் படமாக்கப்பட்டன. அப்போது தயாரான அகரவரிசை அட்டைகள் பல, எழுத்தைப் பாராமல் ஒலியைப் பார்த்து அடுக்கப்பட்டவை. பெயரின் முதலெழுத்தை வைத்துக்கொண்டு, பின்வரும் உயிரெழுத்துகளை விட்டுவிட்டு, மெய்யெழுத்துகளை அவற்றின் ஒலிக்கேற்ப இலக்கங்களாக மாற்றும் முறை அது. ரோஸ்ஸி, ருஸ்ஸோ, ரூஸ்ஸி எல்லாம் ஒரே குறியீட்டின் கீழ் வந்துவிடும். எழுத்துப் பிழையைத் தாண்டி ஆளைப் பிடிப்பதற்கான வழி.

2001 ஏப்ரலில் எலிஸ் தீவுப் பதிவுகள் கணினி வழியாக எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டன. பல்லாயிரம் தொண்டர்கள் வருடக்கணக்கில் கையெழுத்தை வாசித்துத் தட்டெழுத்தாக்கியதன் பயன் அது. ஆனால், அவர்களிற் பலர் இத்தாலிய மொழி அறியாதவர்கள். பெரிய 'எல்' எழுத்து 'எஸ்' ஆனது. 'எஃப்' எழுத்து 'டி' ஆனது. ஆகவே குடும்பப் பெயரைப் போட்டு ஒன்றும் வரவில்லையென்றால் மனந்தளரலாகாது. முதற்பெயர், வயது, ஊர், வந்த வருடம் ஆகியவற்றைக் கொண்டு தேட வேண்டும். இவ்வாறு பல வழிகளிலே தேடுவதற்கு உதவும் பக்கங்களை அதே ஆண்டில் உருவாக்கியவர் ஸ்டீபன் மோர்ஸ். புகழ்பெற்ற இன்டெல் 8086 நுண்செயலியை வடிவமைத்தவரும் அவரே.

பெயர் கிடைத்ததும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடலாகாது. இங்கேதான் வாசிப்பு ஆரம்பமாகிறது. 1907 முதல் பட்டியலில் 29 கூடுகள் இருந்தன. அவை எதிரெதிரான இரண்டு பக்கங்களில் விரிந்தன. இடப்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்தியடைபவர்கள் பாதியை இழந்துவிடுகிறார்கள். வலப்பக்கத்திலேதான், யாரிடம் போகிறார், அவருடைய விலாசம் என்ன, கையில் ஐம்பது டொலர் உண்டா, முன்னர் அமெரிக்காவுக்கு வந்ததுண்டா, உயரம், தலைமயிரின் நிறம், கண்ணின் நிறம், பிறந்த ஊர் ஆகியவை உள்ளன. அக்காலந் தொடக்கம், ஊரிலே விட்டுவந்த மிக நெருங்கிய உறவினரின் பெயரையும் கேட்டார்கள். ஒரு புகைப்படமேனும் எடுத்துக்கொள்ள வசதியில்லாத மனிதரின் உருவம் அந்த வலப்பக்கத்தில் இருக்கிறது.

ஆனால், எல்லாவற்றையும் அப்படியே நம்பிவிடவும் கூடாது. 1885ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, முன்கூட்டியே வேலை ஒப்பந்தம் செய்துகொண்டு வருவதைத் தடைசெய்தது. 'வேலை காத்திருக்கிறது' என்று உண்மையைச் சொன்னவர் திருப்பியனுப்பப்படலாம்; 'எனக்கு வழியில்லை' என்று சொன்னவரும் அரசாங்கத்துக்குப் பாரமாவார் என்று திருப்பியனுப்பப்படலாம். இந்த இரண்டுக்கும் நடுவிலே நின்று பதில் சொல்ல வேண்டியிருந்தது. எனவே அந்தக் கூட்டில் பெரும்பாலோர் 'இல்லை' என்றே சொல்லியிருப்பார்கள். 'மச்சான் வீட்டுக்குப் போகிறேன்' என்றவருக்கு அந்த மச்சான் உறவினரல்லாத ஊரவராகவும் இருந்திருக்கலாம். 1903 முதல் இனம் என்ற கூடும் சேர்க்கப்பட்டு, வட இத்தாலியர், தென் இத்தாலியர் என்று ஒரு நாட்டவரையே இரண்டாகப் பிரித்து எழுதினார்கள். கேட்டவரின் சந்தேகமும் சொன்னவரின் அச்சமும் ஒரே வரியிலே பதிந்துள்ளன.

பெயரின் இடப்புறத்தில் ஒரு பெருக்கற் குறி காணப்பட்டால், கப்பற் பட்டியலின் கடைசித் தாள்களுக்குப் போக வேண்டும். தடுத்து வைக்கப்பட்டவர்களின் விபரம் அங்கே உண்டு. தனியே வந்த பெண்ணை, உறவினர் வந்து பொறுப்பேற்கும்வரை அல்லது தந்தியோ பணமோ வரும்வரை வெளியே விடமாட்டார்கள். தடுத்த காரணம், யார் வந்து அழைத்துச் சென்றார், எத்தனை மணிக்கு என்றெல்லாம் அத்தாளில் உண்டு. கடைசிக் கூடுகளில் சிறு இலக்கங்கள்: காலை உணவு எத்தனை, மதிய உணவு எத்தனை, இரவு உணவு எத்தனை. கப்பற் கம்பனியிடம் பணம் அறவிடுவதற்காக எழுதிய கணக்கு. ஆனால், இன்று அதைப் பார்க்கும் பேத்திக்கு அது வேறொன்றைச் சொல்கிறது. தன் பாட்டி குழந்தையுடன் அந்தத் தீவிலே இரண்டு இரவுகள் காத்திருந்தாள் என்பதையும், மூன்றாம் நாள் பாட்டன் வந்து சேர்ந்தார் என்பதையும் அந்தச் சாப்பாட்டுக் கணக்கு சொல்லிவிடுகிறது.

இன்னுஞ் சிலவற்றைச் சுருக்கமாகக் கூறுவோம். இத்தாலியரிற் பெருந்தொகையினர் ஒரேயடியாகக் குடியேறியவர்களல்லர். சில வருடங்கள் உழைத்து ஊருக்குத் திரும்பி, மீண்டும் வந்தார்கள். ஆகவே ஒருவரையே மூன்று நான்கு பட்டியல்களில் காணலாம். குடும்பத்தார் சொல்லும் வருடம் இரண்டாம் பயணமாக இருக்கவும் கூடும். எல்லோரும் எலிஸ் தீவுக்கு வந்தவர்களுமல்லர். 1855 முதல் 1890 வரை நியூயோர்க்கின் வரவேற்பிடமாக இருந்தது காசில் கார்டன். சாக்கோ இறங்கியது பொஸ்டனில். சிசிலியர் பலர் பலேர்மோவிலிருந்து நேரே நியூ ஓர்லியன்ஸுக்குச் சென்றனர். வடக்கு இத்தாலியரான வன்சேற்றி பிரான்சின் லெ ஹாவ்ர் துறைமுகத்திலே கப்பலேறினார். எலிஸ் தீவின் மரக் கட்டடங்கள் 1897 ஜூனில் தீக்கிரையானபோது பழைய பதிவுகள் பல சாம்பலாயின. ஆனால், சுங்கப் பகுதியினர் 1820 தொடக்கம் தனியே சேகரித்து வைத்த பட்டியல்கள் தப்பிவிட்டன.

ஒருபோதும் வந்து சேராதவர்களும் உண்டு. 1891 மார்ச் 17இல், இத்தாலியக் குடியேறிகளை ஏற்றி நியூயோர்க் நோக்கிப் புறப்பட்ட 'யுட்டோப்பியா' என்ற கப்பல், ஜிப்ரால்டர் குடாவில் பிரித்தானியப் போர்க்கப்பல் ஒன்றுடன் மோதி மூழ்கியது. 560 பேருக்கு மேல் மாண்டனர். அவர்களை வருகைப் பட்டியலில் தேடிப் பயனில்லை. ஆர்ஜென்டீனாவுக்கும் பிறேசிலுக்கும் போனவர்களை அந்தந்த நாட்டுப் பதிவுகளிலேதான் தேட வேண்டும். அவுஸ்திரேலியாவுக்குப் போன இத்தாலியரின் பாதை எமக்கு அண்மையானது. ஜெனோவாவிலும் நேப்பிள்ஸிலும் இருந்து சூயஸ் வழியாகச் சென்ற இத்தாலியக் கப்பல்கள், 1950களிலும்கூட, எமது கொழும்புத் துறைமுகத்தில் தரித்தே அவுஸ்திரேலியா நோக்கிப் போயின.

பட்டியல் ஊரின் பெயரைத் தந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. தெற்கு இத்தாலியில் அரசாங்கப் பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவுகள் 1809 முதலும், சிசிலியில் 1820 முதலும் உள்ளன. ஐக்கிய இத்தாலி முழுவதற்கும் பொதுவான பதிவுமுறை 1866இல் நடைமுறைக்கு வந்தது. இத்தாலிய அரச சுவடிக்கூடங்கள் இப்பதிவேடுகளைப் படம்பிடித்துக் கட்டணமின்றிப் பார்வைக்கு வைத்துள்ளன. அங்கே பொறுமை வேண்டும். மூத்த மகனுக்குத் தந்தைவழிப் பாட்டன் பெயரை இடுவது வழக்கமாதலால், ஒரே ஊரில் ஒரே பெயருடன் நான்கு ஒன்றுவிட்ட சகோதரர்கள் இருப்பார்கள். நேப்பிள்ஸ் பகுதியில் எஸ்பொசித்தோ என்ற பெயர் வந்தால் மேலும் கவனம் வேண்டும். கைவிடப்பட்ட குழந்தைகளுக்கு இடப்பட்ட பெயர் அது. அந்த இடத்தில் சில பரம்பரைகளின் நூல் அறுந்துவிடுகிறது.

இவ்வளவு காலமும் பலர் இப்படித் தேடியது இத்தாலியப் பிரஜாவுரிமைக்காகவே. கொள்ளுப்பாட்டனின் பத்திரங்களை நிரூபித்தாற்கூட உரிமை கேட்க முடிந்தது. 2025 மார்ச்சில் இத்தாலிய அரசு ஓர் அவசர ஆணை பிறப்பித்தது. அதே ஆண்டு மே மாதம் அது சட்டமாயிற்று. பெற்றோர் அல்லது பாட்டன் பாட்டிக்கு அப்பாற்பட்ட தலைமுறையைக் காட்டி உரிமை கோரும் வழி அதனால் பொதுவாக அடைபட்டது. எனவே, கொள்ளுப்பாட்டனைத் தேடும் பலருக்கு இனிமேல் கடவுச்சீட்டுக் கிடைக்கப்போவதில்லை. அதற்காகத் தேடல் வீணாகிவிடுமா?

இந்தப் பட்டியல்களை எழுதியவர்கள் எவருடைய நினைவையும் காப்பதற்காக எழுதவில்லை. நோயாளியை, வறியவரை, வேண்டாதவரை வடிகட்டித் திருப்பியனுப்புவதற்காகவே எழுதினார்கள். ஆயினும், சந்தேகத்தோடு கேட்ட அந்தக் கேள்விகளுக்கு ஓர் ஏழைப் பெண் பயந்து பயந்து சொன்ன பதில்களே இன்று அவளைப் பற்றி எஞ்சியிருக்கும் வார்த்தைகள். அவளுடைய பெயரை யாரும் பறித்துவிடவில்லை. அது அவளுடைய தந்தை வீட்டுப் பெயராக, அவள் ஊரின் எழுத்திலேயே, தாளின் ஒரு வரியில் இருக்கிறது. நாம்தான் வேறொரு பெயரைச் சொல்லி அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

அடுத்த வாரம் வேறொரு நூலுடன் சந்திப்போம்.